உருப்படி மனப்பாடம்: வரி எங்கே விட்டுப் போகிறது, எப்படிப் பிடித்து வைப்பது?

நாட்டைக்குறிஞ்சி எழுதியது:

வணக்கம். வாய்ப்பாட்டுக் கச்சேரி, இரண்டு மணி நேரம். பட்டியல்: பைரவி அட தாள வர்ணம், ஐந்து கிருதிகள் (அதில் கல்யாணி ‘நிதி சால சுகமா’தான் பெரிய உருப்படி, ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலும் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் அதில்), பைரவி ஸ்வரஜதி, கடைசியில் இரண்டு துக்கடா (சிறு பாட்டு). வர்ணமும் இரண்டு கிருதிகளும் பழைய பாடம், மற்றதெல்லாம் புதிது. ஆறு வாரம் இருக்கிறது.

தனியாகப் பாடும்போது நினைவில் நிற்கிறது. பக்கவாத்தியம் சேர்ந்ததும் சரணத்தில் (பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரும் பகுதியில்) வரி மாறிப் போகிறது. எத்தனை தடவை பாடினால் பதியும்? நோட்டைப் பார்த்தே பழகலாமா, முதல் நாளே மூடிவிட வேண்டுமா?

---

பாடாந்தரம் எழுதியது:

எத்தனை தடவை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். முழுப் பாட்டை நூறு தடவை பாடினால் பல்லவிதான் கல்வெட்டு மாதிரி ஆகும். சரணத்தின் பின்பாதிக்கு வரும்போது மூச்சும் கவனமும் பாதியாகிவிடும், அது நூறாவது தடவையிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வரியின் நடுவில் யாரும் மறப்பதில்லை. வரி முடிந்து அடுத்ததை எடுக்கும் இடத்தில்தான் விட்டுப் போகிறது. அந்த இடத்தை மூட்டு என்று வைத்துக்கொள்வோம். பல்லவியிலிருந்து அனுபல்லவி எடுப்பு (தொடங்கும் இடம்), அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்புவது, அங்கிருந்து சரணம், சரணத்தின் முதல் வரியிலிருந்து இரண்டாவது, நிரவல் முடிந்து மிச்ச சரணம், தனி முடிந்து மறுபடி எடுப்பது என்று ஒரு சாதாரண கிருதியில் எட்டிலிருந்து பத்து மூட்டு இருக்கும். மனப்பாடம் என்றால் இந்தப் பத்து இடமும் கைக்குள் இருப்பது.

செய்யும் முறை: ஒரு வரியின் கடைசி அரை ஆவர்த்தனம் (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு சுற்று), அதோடு அடுத்த வரியின் முதல் அரை ஆவர்த்தனம். இந்த ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் தாளம் போட்டு ஐந்து தடவை. பிறகு அடுத்த மூட்டு. பத்து மூட்டுக்கும் கால் மணி நேரம் போதும். முழுப் பாட்டு அன்றைக்குக் கடைசியில் ஒரே ஒரு தடவை.

பாட்டைப் பின்னாலிருந்து கட்டுவதும் நல்லது. முதலில் சரணத்தின் கடைசி வரி. அது நினைவில் நின்ற பிறகு அதற்கு முந்தைய வரியோடு சேர்த்து. இப்படி மேலே ஏறி வந்தால், பாடிக்கொண்டே போகப் போகத் தெரிந்த இடத்துக்குப் போகிறோம். முன்னாலிருந்து கட்டினால் நேர் எதிர்: தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போகிறோம், பயம் அங்கேதான் பிறக்கிறது.

நோட்டு: முதல் இரண்டு நாள் திறந்திருக்கட்டும். மூன்றாம் நாள் மூடுங்கள். மூடிப் பாடி, தவறி, நினைவுக்குக் கொண்டுவர முட்டி மோதும் அந்தப் பத்து விநாடிதான் பதிய வைக்கிறது. தவறியவுடனே நோட்டைப் பார்த்தால் அந்தப் பலன் போய்விடும்.

---

வீணைக்கம்பி எழுதியது:

வாத்தியக்காரர்களுக்கு ஒரு சேர்க்கை. விரல் தானாகப் போவதை நினைவு என்று நம்பிவிடக் கூடாது. விரலுக்கு வேகத்தில் மட்டுமே பாட்டு தெரியும். சோதனை எளிது: வழக்கமான காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) பாதியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே விரல் மட்டும்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. வீணையைக் கீழே வைத்துவிட்டு, தாளம் போட்டுக்கொண்டு அந்த இடத்தின் ஸ்வரத்தை வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வராத இடம் மேடையில் வராது. புது மேடையில் உட்காரும் உயரம் மாறினாலும் விரல் குழம்பும், ஸ்வரம் தெரிந்தவருக்கு அது பொருட்டில்லை.

கிருதி வாசிக்கும்போது சாகித்தியத்தையும் (பாட்டின் சொற்களையும்) மனதுக்குள் பாட வேண்டும். எழுத்து விழும் இடத்தில் மீட்டு (தந்தியைத் தட்டும் விரலடி) விழ வேண்டும் என்பதால், சாகித்தியம் தெரியாமல் வாசித்தால் மீட்டு இடம் மாறும். மீட்டு மாறினால் அடுத்த பிடியும் மாறும்.

---

பதம்பிரி எழுதியது:

எல்லாரும் ராகம், தாளம் என்றே பேசுகிறீர்கள். தமிழ்ப் பாடகர்களுக்குப் பாதி மறதி மொழியிலிருந்து வருகிறது. பொருள் தெரியாத தெலுங்கு வரி வெறும் ஒலிக்கோவை. ஒலிக்கோவையில் ஒரு மணி உதிர்ந்தால் பின்னால் வருவது எல்லாம் உதிரும்.

நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதும்போது க, ச, ட, த, ப வர்க்கங்களுக்கு 2, 3, 4 எண் போட்டே எழுதுங்கள். ப²லம் என்றால் பழம், பயன். ப³லம் என்றால் வலிமை. எண் இல்லாமல் ‘பலம்’ என்று எழுதினால் வாய் ஒரு நாள் ஒன்று சொல்லும், மறுநாள் இன்னொன்று. ஒலி நிலையாக இல்லாத சொல் நினைவிலும் நிலையாக இருக்காது. அடுத்து, தாளத்துக்காக உடைத்து எழுதிய வரிக்குக் கீழே பதம் பிரித்த வரியையும் எழுதுங்கள். அதற்கும் கீழே ஒரே வரியில் தமிழ்ப் பொருள். மூன்று வரி, ஒரு பக்கம்.

உங்கள் பட்டியலில் உள்ள தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’வையே எடுத்துக்கொள்வோம். பாட்டு முழுக்க இது நல்லதா, அது நல்லதா என்ற கேள்வி. செல்வம் சுகமா, ராமன் சந்நிதியில் சேவை சுகமா? தயிர், வெண்ணெய், பால் ருசியா, தியான பஜனை என்ற அமுதம் ருசியா? இரண்டிலும் உலக சுகம் முதலில், பக்தி பின்னால். மூன்றாவது ஜோடியில் வரிசை புரண்டுவிடுகிறது. தமம் (புலனடக்கம்), சமம் (மன அமைதி) என்ற கங்கையில் நீராடுவது முதலில் வருகிறது, சேறு நிறைந்த கெட்ட விஷயம் என்ற கிணற்றில் நீராடுவது பின்னால். நான்காவதில் மறுபடி பழைய வரிசை: மமதையில் கட்டுண்ட மனிதரைப் புகழ்வது முதலில், இறைவன் கீர்த்தனம் பின்னால். பொருளை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு பாடுபவர் மூன்றாவது ஜோடியில்தான் தடுக்கி விழுவார். அந்தப் புரட்டலைத் தெரிந்துகொண்டால் அதுவே அடையாளக் கல்.

சொல் எதிரொலியும் துணைக்கு இருக்கிறது. நிதி என்ற சொல் ஸந்நிதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தம என்பது கர்தமவுக்குள் (சேறு) இருக்கிறது. மமதாவுக்கு ஸுமதி. முதல் சொல் கிடைத்தால் இரண்டாவது தானே வந்து நிற்கும். தியாகராஜர் இதை அலங்காரமாக மட்டும் வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். வாய்வழியாகப் போக வேண்டிய பாட்டுக்கு இது ஆணி.

---

பாடாந்தரம் எழுதியது:

பதம்பிரி சொன்னதோடு ஒன்று. பெரும்பாலான தியாகராஜ கிருதிகளில் சரணத்தின் பின்பாதிக்கு அனுபல்லவியின் மெட்டே வரும். மெட்டு ஒன்றாக இருப்பதால் வாய் பழைய சாகித்தியத்துக்கு ஓடும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் சரணம் பொதுவாகப் புது மெட்டோடு நீளமாகப் போகும், கடைசியில் மத்யமகால சாகித்தியம் இரட்டை வேகத்தில் வரும். அதனால் தியாகராஜர் கிருதியில் வரி மாறிப் போகும். தீட்சிதர் கிருதியில் வரி நின்று போகும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மாறும் பாட்டுக்கு: அனுபல்லவியின் பின்பாதியையும் சரணத்தின் பின்பாதியையும் அடுத்தடுத்து, மாற்றி மாற்றிப் பாட வேண்டும். தனித்தனியாக எத்தனை பாடினாலும் குழப்பம் தீராது, ஏனென்றால் குழப்பம் இரண்டும் பக்கத்தில் வரும்போதுதான். நின்று போகும் பாட்டுக்கு: சரணத்தை நான்கு துண்டாகப் பிரித்து, துண்டின் முதல் சொல்லை மட்டும் தாளத்தில் சொல்லிக்கொண்டே ஆவர்த்தனம் எண்ணுவது. மத்யமகாலத்தை முதலில் பாட்டின் காலத்திலேயே, அதாவது பாதி வேகத்தில், சொல்லாகச் சொல்லிப் பழகுவது.

தீட்சிதரின் கமலாம்பா நவாவரணம் (தேவி மீது ஒன்பது கிருதிகள்) முழுதும் பாடம் செய்பவர்களுக்கு வேற்றுமையே வரிசை. ஆனந்தபைரவி முதல் வேற்றுமை, கல்யாணி இரண்டாவது, சங்கராபரணம் மூன்றாவது, காம்போஜி, பைரவி, புன்னாகவராளி, ஸஹானா முறையே நான்கு முதல் ஏழு, கண்டாவில் விளி. ஆஹிரியில் எல்லா வேற்றுமையும். தேவியின் பெயர் எந்த உருவில் நிற்கிறது என்று தெரிந்தால் அடுத்த ராகத்தைத் தேட வேண்டியதில்லை.

---

சாப்பு எழுதியது:

> பைரவி ஸ்வரஜதி

இது சியாமா சாஸ்திரி நமக்குச் செய்து கொடுத்திருக்கும் வசதி. எட்டுச் சரணமும் ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்கும். எந்தச் சரணம் அடுத்தது என்று மறக்கவே முடியாது. மறப்பது வேறு: ஸ்வரத்தைப் பாடி முடித்து சாகித்தியம் எடுக்கும்போது அடுத்த சரணத்தின் சொல் வாயில் வந்துவிடும். தொடக்க ஸ்வரத்தையும் அந்தச் சரணத்தின் முதல் சொல்லையும் ஜோடியாக எட்டு ஜோடி சொல்லிப் பழகுங்கள். ஏறு வரிசையில் வந்த பிறகு இறங்கு வரிசையில், பிறகு கலைத்து. மிஸ்ர சாப்புத் தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே.

---

சொற்கட்டு எழுதியது:

மிருதங்கப் பக்கத்திலிருந்து. கோர்வையை (முடிப்புக்கு வாசிக்கும் தாளக் கோப்பை) சொல்லாக உருப்போடாதீர்கள், கணக்காக வையுங்கள். பாடகர்களும் கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் ஸ்வரம்) முடிக்க இதைத்தான் செய்கிறார்கள்.

ஆதி தாளம், ஒரு களை, சதுஸ்ர நடை: எட்டு அட்சரம் (கை எண்ணிக்கை), ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ஐந்து மாத்திரைச் சொல்லான ததிகிணதொம் மூன்று, நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி). 5, 2, 5, 2, 5. மொத்தம் 19. சமத்தில் (அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில்) முடிய வேண்டுமென்றால் 13 மாத்திரை விட்டுத் தொடங்க வேண்டும், அதாவது லகுவில் (தட்டும் விரல் எண்ணிக்கையும் உள்ள முதல் பகுதியில்) நடுவிரல் எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரையில். பாட்டின் எடுப்பு அரை இடம் தள்ளி இருந்தால் இரண்டு மாத்திரை கூட்டி 15 விட்டுத் தொடங்க வேண்டும். சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு எடுப்பு மாறினால் புதுப் பாடம். கணக்கு தெரிந்தவருக்கு ஒரு கூட்டல்.

தவறும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் முதலில் காணாமல் போவது கார்வை. ஒரு கார்வை போனால் அரை அட்சரம் முன்னால் விழும், உடனே காதுக்குத் தெரியும். இரண்டும் போனால் சரியாக ஒரு அட்சரம் முன்னால், கடைசி வீச்சில் விழும். கை எண்ணிக்கையோடு சேர்ந்து விழுவதால் வாசிப்பவருக்குச் சரி என்றே தோன்றும். அதனால் கார்வையை வெற்றிடமாக விடாமல் பழகும்போது ‘தாம்’ என்று சொல்லி நிரப்புங்கள். நான்கு வாரம் சொல்லிய பிறகு மௌனமாக்கலாம்.

---

நாட்டைக்குறிஞ்சி எழுதியது:

மிக்க நன்றி. பாடாந்தரம் மேடம் சொன்ன மூட்டுப் பயிற்சியில் ஒரு சந்தேகம். சங்கதிகளுக்கும் (ஒரே வரியை மெட்டு மாற்றிப் பாடும் வடிவங்களுக்கும்) இதே முறையா? எட்டுச் சங்கதி உள்ள பல்லவியில் ஐந்தாவது விட்டு ஆறாவதுக்குத் தாவிவிடுகிறது.

---

க்ரமம் எழுதியது:

அதற்கு வேத பாடத்திலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொள்ளலாம். க்ரம பாடத்தில் சொற்களை 1-2, 2-3, 3-4 என்று இரண்டிரண்டாகக் கோத்துச் சொல்வார்கள். ஜடையில் 1-2, 2-1, 1-2. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. எழுத்தின் துணையில்லாமல் பெரிய நூல்களைப் பிசகாமல் கொண்டுவந்தது இந்தக் கோப்புதான்.

சங்கதிகளுக்குக் க்ரமம் போதும். முதல் சங்கதி, இரண்டாவது, நிறுத்தம். இரண்டாவது, மூன்றாவது, நிறுத்தம். இப்படி ஏழு ஜோடி. ஒவ்வொரு சங்கதிக்கும் தனித் தொடக்கம் கிடைத்துவிடுகிறது. முழு வரிசையாகவே பாடும்போது ஐந்தாவது சங்கதிக்குச் சொந்தமாகத் தொடக்கமே இல்லை, நான்காவதின் வாலில்தான் தொங்குகிறது. ஜடை, கனம் சங்கதிக்கு வேண்டாம். சங்கதி வளர்ந்து போகும் அழகைத் தலைகீழாகப் பாடினால் காது கெட்டுவிடும்.

---

பாடாந்தரம் எழுதியது:

க்ரமம் சார் சொல்வது சரி. அதோடு, ஒவ்வொரு சங்கதியிலும் என்ன மாறுகிறது என்று ஒரே ஒரு சொல்லில் குறியுங்கள்: ‘பின்பாதி மேல் ஸ’, ‘முதல் எழுத்து நீட்டம்’ என்பது போல. இரண்டு சங்கதிக்கு நடுவில் வித்தியாசத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் அவை உங்களுக்கு இன்னும் ஒரே சங்கதிதான். ஒன்று போனதில் ஆச்சரியமில்லை.

யூடியூபில் ஐந்து பேர் பாடியதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்யாதீர்கள். ஒருவர் பாடாந்தரத்தின் (அவர் கற்ற பாட்டு வடிவத்தின்) மூன்றாவது சங்கதியிலிருந்து இன்னொருவர் பாடாந்தரத்தின் நான்காவதுக்குப் போனால் மூட்டு பொருந்தாது. கச்சேரி முடியும்வரை ஒரே பாடாந்தரம். ‘பழைய பாடம்’ என்று விட்டுவைத்திருக்கும் இரண்டு கிருதிகளிலும் இந்த ஆபத்து அதிகம்.

---

வெள்ளைக்கட்டை எழுதியது:

மேற்கத்திய இசையிலும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பியானோ தனிக் கச்சேரியை இசைக்குறிப்புத் தாள் இல்லாமல் வாசிப்பது 19-ஆம் நூற்றாண்டில் கிளாரா ஷூமன், ஃபிரான்ஸ் லிஸ்ட் போன்றவர்களால்தான் வழக்கமானது. ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளர், கேப்ரியேலா இம்ரே என்ற பியானோ கலைஞர் பாக்கின் இத்தாலியன் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியைக் கற்பதை ஒவ்வொரு பயிற்சியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து அவரை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, பகுதிகளின் தொடக்கம் நன்றாக நினைவிருந்தது, தொடக்கத்திலிருந்து தள்ளிப் போகப் போக நினைவு தேய்ந்தது. தொடக்கங்களை அதிகமாக்கினால் நினைவும் அதிகமாகும் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

---

துரிதம் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? இப்போது நிறையப் பேர் டேப்லெட் வைத்துப் பாடுகிறார்கள். பியானோ மேதை ரிக்டர்கூடக் கடைசிக் காலத்தில் தாளை வைத்துக்கொண்டுதானே வாசித்தார்?

---

பாடாந்தரம் எழுதியது:

ரிக்டர் அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் தாள் இல்லாமல் வாசித்தவர். அவர் பாடம் செய்யாமல் தாளிடம் போகவில்லை.

டேப்லெட்டைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வலது கை தாளத்தில் இருக்கிறது. பக்கம் தள்ள இடது கை. சரியாக மூட்டு வரும் இடத்தில்தான் பக்கமும் முடிகிறது. கண் திரையில் இருப்பதால் வயலின்காரர் முகமும் மிருதங்கக்காரர் கையும் தெரிவதில்லை, நிரவலில் அவர் கொடுக்கும் பதில் காதில் விழுந்தும் மனதில் ஏறுவதில்லை. வரியைப் படிப்பவருக்கு அடுத்த வரி எப்போதும் கண் முன்னால் இருப்பதால், நின்ற வரியை நீட்டி அனுபவிக்கும் சுதந்திரம் குறைந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்.

வைத்தே ஆக வேண்டுமென்றால் சாகித்தியம் முழுசும் வேண்டாம். கையளவு அட்டை ஒன்று. உருப்படிக்கு ஒரு வரி: ராகம், தாளம், எடுப்பு, அனுபல்லவி முதல் சொல், சரணத்து முதல் சொல், நிரவல் வரியின் முதல் சொல். எட்டு அல்லது ஒன்பது வரி. தம்பூராவின் பக்கத்தில் கிடக்கட்டும்.

---

துரிதம் எழுதியது:

பக்கம் முடியும் இடம் பற்றிச் சொன்னது நியாயம். பெரிய எழுத்தில், ஒரு உருப்படி ஒரே பக்கத்தில் அடங்கும்படி வைத்தால் அந்தக் குறை தீரும் என்பது என் எண்ணம். முதியவர்களுக்கும், ஒரே சீசனில் பல பட்டியல் பாட வேண்டியவர்களுக்கும் அட்டை மட்டும் போதாது.

---

சொற்கட்டு எழுதியது:

மேடையில் விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் பாடம் செய்ய வேண்டும். கை நிற்கவே கூடாது. தாளம் ஓடினால் பாட்டு ஓடுகிறது என்றுதான் அர்த்தம். இப்போது பாடிய வரியையே இன்னொரு முறை பாடுங்கள். கேட்பவருக்கு அது இன்னொரு சங்கதி. அதற்குள் வரவில்லை என்றால் பல்லவி எடுப்பு. வயலின்காரர் வரியை நிரப்பிவிடுவார், அவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உதட்டைக் கடிப்பதும் தலையை ஆட்டுவதும்தான் சபைக்குத் தவறைக் காட்டிக் கொடுக்கும்.

ஒத்திகையில் வேண்டுமென்றே இதைச் செய்யுங்கள். மிருதங்கக்காரர் எதிர்பாராத இடத்தில் கையைத் தூக்கட்டும். அங்கே நிறுத்தி, ஒரு ஆவர்த்தனம் தாளம் மட்டும் போட்டு, அடுத்த வரியை எடுங்கள்.

---

நாட்டைக்குறிஞ்சி எழுதியது:

தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு? கால் மணி நேரம் தாளம் போட்டுவிட்டு நிரவல் வரிக்குத் திரும்பும்போதுதான் அதிகப் பயம். ஆறு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லுங்கள்.

---

பாடாந்தரம் எழுதியது:

தனியின்போது கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வரி போய்விடும். ஃபரன் (தனியின் கடைசிப் பகுதியில் வரும் வேக வாசிப்பு) தொடங்கும்போதே, கடைசிக் கோர்வைக்கு வெகு முன்னால், நிரவல் வரியின் முதல் சொல்லை மனதுக்குள் எடுப்பில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அதே இடத்தில். கோர்வை முடியும்போது அந்தச் சொல் ஏற்கெனவே நாக்கில் இருக்கும். உங்களுக்கு நிரவல் ‘மமத பந்தன’ என்ற இடத்தில் என்றால், அது கடைசி ஜோடி. பின்னால் மிச்சம் ஒரே வரி, பிறகு பல்லவி. இந்த மூட்டுக்குத் தனியாக ஒத்திகை வேண்டும்: பத்து நிமிஷம் வேறு எதையாவது பேசிவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வரியை எடுப்பது.

ஆறு வாரம்: முதல் மூன்று வாரத்தில் புது உருப்படிகள். ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு நாள், ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு பாட்டு நினைவில் நின்றுவிட்டதா என்று அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலையில், நோட்டைப் பார்க்காமல், முதல் தடவை எப்படி வருகிறதோ அதுதான் உண்மை. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள். ஸ்வரஜதிக்கு மட்டும் முழு வாரம்.

நான்காவது வாரம் பழைய பாடங்கள். வர்ணத்தில் அட தாளத்தின் பதினான்கு அட்சரத்தையும் கையில் போட்டு, சிட்டைஸ்வரங்களின் (சரணத்தோடு வரும் ஸ்வர வரிசைகளின்) முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் முடிந்து சரணத்துக்குத் திரும்பும் மூட்டு வேகத்தில் வழுக்கும், அதை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) பாருங்கள். ஐந்தாவது வாரம் பட்டியல் வரிசையில் முழுக் கச்சேரி, நிற்காமல், தவறினாலும் திருத்தாமல், இரண்டு நாளைக்கு ஒரு தடவை. தவறிய இடத்தை முடிந்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் பக்கவாத்தியத்தோடு இரண்டு ஒத்திகை, குறித்த இடங்களின் மூட்டு மட்டும்.

கச்சேரி அன்று முழுப் பாட்டு எதையும் பாட வேண்டாம், குரல் வேண்டும். காலையில் ஸ்ருதி போட்டு, ஒவ்வொரு உருப்படியின் எடுப்பையும் சரணத் தொடக்கத்தையும் மெல்லிய குரலில் எடுத்து விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்த சொல்லை மட்டும் நோட்டில் பாருங்கள். அதன்பிறகு நோட்டு வீட்டில் இருக்கட்டும்.